ரெண்டு பேர் ஓட்டிய ஒற்றையாள் படகு

பம்பரம் உட்கார்ந்து சாப்பிட்டதை அவள் புருஷனே கல்யாணத்தன்று ஒரே ஒரு முறைதான் பார்த்தார். அன்றைக்கும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், கோணலாகக் கிடந்த நாற்காலிகளையெல்லாம் நேராக்கிவிட்டு வந்துதான் மீதியைச் சாப்பிட்டாள். புதுப்பெண், கொஞ்ச நாளில் அடங்கிவிடுவாள் என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்தார்கள். எங்கே அடங்கினாள்? இப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, ஆள் இன்னும் அப்படியேதான்.

ஏன் இப்படி என்று கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் கிடையாது. சின்ன வயதில் கஷ்டப்பட்டாளா, யாராவது மிரட்டி வளர்த்தார்களா, அதெல்லாம் இல்லை. "வயித்துல இருக்கும்போதே என்னைத் தூங்க விட்டதில்ல" என்று பெற்றவள் சொல்வாள், அவ்வளவுதான் விளக்கம். கை ஒரு வேலையை முடிக்கும் முன்னே கண் அடுத்த வேலையைத் தேடிப் போய்விடும். தன் வேலையோடு நின்றாலாவது பரவாயில்லை. அடுத்தவர் செய்து முடித்ததையும் அவள் மறுபடி செய்தாக வேண்டும். புருஷன் பூட்டிய கதவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். மாமியார் மடித்து வைத்த துணியை உதறி இன்னொரு தடவை மடிப்பாள். மாமியார் உரித்து வைத்த பட்டாணியைக் கிளறி, தோல் கிடக்கிறதா என்று தேடுவாள். கிடக்கும். அதுதான் கொடுமை.

"இருபது வருஷமாச்சு. என் கையால பண்ணின ஒண்ணையாவது அப்படியே விட்டிருக்கியாடி?" என்பார் மாமியார்.

"தோல் இருந்துச்சு அத்தை."

"இருந்தா தின்னு. செத்தா போயிடுவே?"

புருஷன் முடிதிருத்துபவர். தெருமுனையில் ரெண்டு நாற்காலி போட்ட கடை. கத்தரி வைக்கும் இடத்தில் மட்டும் கத்தரி வைத்துப் பழகிய மனிதர் என்பதால் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வாயைத் திறக்கவே மாட்டார்.

பம்பரத்துக்கு வேலை துறைமுகத்துப் படகுப் பட்டறையில். அங்கே ஒரே ஒரு மாதிரிப் படகைத்தான் செய்கிறார்கள். ஒருவர் மட்டும் ஏறி, கரை கண்ணில் படாத தூரத்துக்குப் போய்ப் பந்தயம் ஓட்டுவதற்கான பாய்மரப் படகு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கண்ணாடி நாரும் பசையும் அடுக்கடுக்காகப் பூசி, இறுகியதும் அச்சிலிருந்து பிரித்தெடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு படகையும் கிரேனில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். இளைத்துப் பிறந்த படகுக்கு அடியில் ஈயக்கட்டி வைத்து மற்றவற்றோடு சமமாக்கிவிடுவார்கள். படகுகளுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. அப்போதுதானே ஓட்டுகிறவர் லட்சணம் தெரியும்! தோற்றுவிட்டு வந்து படகு சரியில்லை என்று யாரும் மூக்கைச் சிந்த முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் இப்படிப்பட்ட ஒருத்தி. கயிறு பூட்டும் கொக்கி, உருளை எல்லாவற்றையும் மேல்தளத்தில் முடுக்குவதுதான் அவள் வேலை. சேர்ந்த புதிதில், கைக்கு எட்டவில்லையே என்று ஒரு கொக்கியை ரெண்டு விரல்கடை தள்ளி முடுக்கிவிட்டாள். பட்டறை மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "தாயே, உனக்குக் கோடி புண்ணியம். எல்லாப் படகுலயும் எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். கை வைக்காதே!" ஓட்டையை அடைத்து, தேய்த்து, மறுபடி முடுக்கினாள். அன்றைக்கு அவர் எரிச்சலில் வைத்த பெயர்தான் பம்பரம்.

புதுப் படகைத் தண்ணீரில் இறக்கினால் ஓட்டிச் சோதிக்க ஆள் வேண்டும். மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொள்வதற்குள் பம்பரம் ஏறி உட்கார்ந்திருப்பாள். அப்படி ஓட்டிப் பழகிய முதல் வருஷத்திலேயே இது தனக்கென்றே செய்த படகு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சுக்கான் பிடியைப் பிடித்தபடியே எல்லாக் கயிறும் ஒரே ஆளின் கைக்கு எட்டும். வேறொருவர் கட்டிய முடிச்சு கிடையாது, வேறொருவர் மடித்த பாய் கிடையாது. எதையும் இன்னொரு தடவை செய்ய வேண்டியதில்லை. அந்தக் குழிவான இருக்கையில் உட்கார்ந்தால் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிடும்.

பட்டறை முதலாளி வருஷா வருஷம் பந்தயத்துக்குத் தன் படகு ஒன்றை அனுப்புவார். அதில் தொழிலாளி ஒருவர் போகலாம். பம்பரம் கேட்டாள். கேட்டாள் என்றா சொன்னேன், நச்சரித்தாள். மனிதர் தாங்காமல் சரி என்றார்.

ஆனால் ஒற்றையாள் பந்தயத்தில் காற்றும் அலையும் பெரிய சங்கதியே இல்லை. தூக்கம்தான் சங்கதி. ரெண்டு மூன்று நாள் ஒரே ஆள். கப்பல்கள் போகும் பாதை, அதனால் நீட்டிப் படுக்கவும் முடியாது. இருபது நிமிஷம் தூங்கி, எழுந்து நாலு பக்கமும் பார்த்து, மறுபடி இருபது நிமிஷம். அந்த நேரம் சுக்கானைப் பிடிக்க ஒரு தானோட்டி இயந்திரம் உண்டு. பட்டறையில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். மின்சாரம் போட்டால்தான் வேலை செய்யும், காற்று கொஞ்சம் கடுமையாக அடித்தால் கையை விரித்துவிடும் என்பதால். பம்பரத்துக்கு அந்த மாப்பிள்ளை மேல் நம்பிக்கை கிடையாது. அவள் யாரை நம்பினாள், அதை நம்ப?

முதல் பந்தயத்தில் அவள் தூங்கவே இல்லை. படுப்பாள், கயிறு முனகும், எழுந்துபோய் இறுக்குவாள். படுப்பாள், இறுக்கியது அதிகமோ என்று தோன்றும், எழுந்துபோய்த் தளர்த்துவாள். அலாரம் அடிக்குமா அடிக்காதா என்று பார்க்கவே நாலு தடவை எழுந்தாள். இரண்டாம் நாள் நண்பகல், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, எதிர் இருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் கிண்ணம். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பம்பரத்துக்குக் கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை.

"தோலைக் கீழ போடாதீங்க அத்தை, தண்ணி போற ஓட்டையை அடைச்சுக்கும்" என்றாள்.

"மூஞ்சியைப் பாரு, பேய் மாதிரி. போய்ப் படு. நான் பிடிச்சுக்கறேன்."

"வேணாம். நீங்க கெடுத்துடுவீங்க."

அந்த நேரம் பார்த்தா கரையிலிருந்து ரேடியோ கூப்பிட வேண்டும்? தினம் நண்பகலில் பந்தயக் கமிட்டி அதிகாரி ஒவ்வொரு படகாக நலம் விசாரிப்பார்.

"எப்படி இருக்கீங்க?"

"நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

இந்த இடத்தில் அதிகாரிக்குச் சந்தேகமே வரவில்லையாம். தனியாகப் பிறந்தவர்கூட எங்க அம்மா, எங்க வீடு என்றுதானே பேசுகிறார்? அதோடு வாயை மூடியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் பம்பரமாயிற்றே.

"சுக்கானைக் குடு குடுன்னு உயிரை எடுக்கறாங்க. நான் குடுக்கல."

"யாரு?"

"எங்க அத்தை."

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது. "அம்மா, படகுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"எத்தனை பேரா? ரெண்டு பேர்தான்."

ஒற்றையாள் பந்தயத்தில் ஓடுகிற அத்தனை படகிலும் ஒரே அலைவரிசை. எல்லோரும் கேட்டார்கள். மாலைக்குள் மீட்புப் படகு வந்து, பம்பரத்தின் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பியது. இழுத்து வந்த படகுக்குப் பந்தயத்தில் இடமில்லை. வரும் வழியில் அவள் செத்தவள்போல் தூங்கினாள்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! பம்பரம் என்ற பெயர் போய் 'ரெண்டு பேர்' என்று ஆயிற்று. "ரெண்டு பேருக்கும் டீயா?" என்பார்கள் பட்டறையில். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்தபடியே, "வீட்டுல ரெண்டு பேரும் சௌக்கியமா?" என்று புருஷனிடம் கேட்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெட்டுவார். பம்பரம் அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். சிரிக்கிற மாதிரிதானே நடந்துகொண்டோம், சிரிக்கட்டும் என்று விட்டாள்.

மாமியார் சிரிக்கவில்லை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, சமையலறை வாசலில் நின்றபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பிரமையோ கனவோ, என்னமோ சொல்றாங்க. அதுல நான் வந்து உக்காந்தேன் இல்ல? படுடி, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா அத்தை."

"அப்பக்கூட என்னை நம்பலையாடி நீ? புத்தி பேதலிச்ச நேரத்துலகூட?"

பம்பரத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து அந்த அம்மாள் எதிலும் கை வைப்பதை நிறுத்திக்கொண்டார். துணி மடிப்பதில்லை, பாத்திரம் கழுவுவதில்லை, பட்டாணி உரிப்பதில்லை. கேட்டால், "எதுக்கு? ரெண்டாவது தடவை எப்படியும் நீதானே செய்யப்போறே" என்பார். இத்தனை வருஷம் இதற்குத்தான் ஆசைப்பட்டாள் பம்பரம். ஆனால் வேலை மொத்தமும் தன் கைக்கு வந்த பிறகு வீடு என்னவோபோல் ஆகிவிட்டது. அந்த அம்மாள் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே முடியவில்லை. வெளியே ஓடுவாள், பட்டறையில் நிலைகொள்ளாது, வீட்டுக்கு ஓடி வருவாள். மன்னிப்புக் கேட்க ரெண்டு தடவை வாயைத் திறந்தாள். ரெண்டு தடவையும், "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்பதுதான் வெளியே வந்தது.

அடுத்த வருஷம் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை. பாதி வழியில திரும்பினா அப்புறம் பந்தயப் பேச்சே எடுக்கக் கூடாது, வேற ஆளை அனுப்பிடுவேன்." அந்தப் படகில் ஏறாத ஒரு வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் தூங்கப் பழகினாள். மத்தியானத்தில் தரையில் படுத்து இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைப்பாள். பத்து நிமிஷத்தில் எழுந்து அலாரத்தைப் பார்ப்பாள். புருஷன் தன் கடை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துக்கூடப் பார்த்தார். அதில் உட்கார்ந்தால் ஊரே குறட்டை விடும். இவள் மட்டும், "சீப்புல முடி இருக்கு பாருங்க" என்றாள்.

பந்தயம் கிளம்பும் காலை. படகுகள் அணிவகுத்து நிற்கின்றன. ஒன்றை மறைத்துவிட்டு ஒன்றைக் காட்டினால் பெற்ற பட்டறைக்கே அடையாளம் தெரியாது. பம்பரம் கயிறுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படகுத்துறைப் பலகையில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் வந்து நின்றார். மாதக்கணக்கில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர்.

"இந்தா பாரு. இந்தத் தடவை நான் உன் படகுக்கெல்லாம் வரமாட்டேன்."

"சரி அத்தை."

"வீட்டுல இருந்தே பாத்துக்கறேன். போன்ல உன் படகு புள்ளியா தெரியுமாமே, இவன் சொன்னான். நீ தூங்கற நேரமெல்லாம் நான் முழிச்சிருப்பேன்."

பம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எப்ப தூங்கறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் நான் தூங்கவே போறதில்ல."

பதில் சொல்ல விடவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

முதல் நாள் பழைய கதைதான். படுத்தாள், எழுந்தாள், இறுக்கினாள், தளர்த்தினாள். ஒவ்வொரு தடவை கை வைக்கும்போதும் படகு கொஞ்சம் தயங்கியது, பக்கத்தில் வந்தவர்கள் முன்னே போனார்கள். அவர்கள் படகும் இதே படகுதான் என்பது வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அடுத்த நாள் காலையில் பாயின் ஓரம் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது. போயிற்று, மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று பயந்தாள். கண்ணை எதிர் இருக்கைக்குத் திருப்பாமல் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் முடியும்? கடைசியில் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை. ஈரக் கயிறு சுருண்டு கிடந்தது, அவ்வளவுதான்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. "வரமாட்டேன்னா நிஜமாவே வரமாட்டீங்களா?" என்று வெறும் இருக்கையைப் பார்த்துச் சத்தம்போட்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே இல்லையென்றால் அங்கே இருக்கிறார். சமையலறை மேஜைக்கு முன்னால், கண்ணாடியை மூக்கில் தொங்கவிட்டுக்கொண்டு, போனை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் சொன்னதுதான், அந்த வீம்பில் மாமியாரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வயதில், அந்த முழங்கால் வலியோடு, நேற்றிலிருந்து முழித்துக்கொண்டிருக்கிறார். இங்கே நானும் முழித்துக்கொண்டிருக்கிறேன். அடக் கடவுளே! நான் தூங்காவிட்டால் அந்த அம்மாள் முழித்திருப்பதெல்லாம் தண்டம் அல்லவா? அவர் செய்த வேலையை இங்கேயும் உட்கார்ந்து ரெண்டாவது தடவை செய்துகொண்டிருக்கிறேனே!

அலாரத்தை வைத்தாள். சுக்கானை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். கயிறு முனகியது. எழ வந்த கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்கோங்க அத்தை" என்றாள்.

அலாரம் அடித்தபோது எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. அப்படித் தூங்கியிருந்தாள். எழுந்து நாலு பக்கமும் பார்த்தாள். கடல் காலியாக இருந்தது. படகு அவள் விட்ட திசையிலேயே, ஒரு தயக்கமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மறுபடி அலாரத்தை வைத்துவிட்டுப் படுத்தாள்.

நண்பகலில் ரேடியோ கூப்பிட்டது. "எப்படி இருக்கீங்க?"

"நான் நல்லா இருக்கேன்." அந்த 'நான்' மேல் அழுத்தம் கொடுத்தே சொன்னாள்.

ஏதோ ஒரு படகிலிருந்து கேலிக்குரல் ஒன்று நுழைந்தது. "ரெண்டாவது ஆள் எங்க?"

"வீட்டுல இருக்காங்க. உனக்கு என்ன வேணும்?" என்றாள். அலைவரிசை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். முதலிடமும் இல்லை, கடைசியும் இல்லை, நடுவில் எங்கேயோ. ஆனால் தாண்டிவிட்டாள், தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். அது போதும். படகுத்துறையில் கமிட்டி அதிகாரி நின்றார். இந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம், வந்து சேர்கிற ஒவ்வொருவரையும் எல்லார் முன்னாலும் வாய்விட்டு ஒரு கேள்வி கேட்பார்கள், வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். போன வருஷத்துக் கதை தெரிந்த கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது.

"தனியாத்தானே ஓட்டினீங்க?"

பம்பரம் கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். புருஷன் மட்டும் நின்றார். "அத்தை எங்க?"

"வேன்ல. நீ கோட்டைத் தாண்டறதைப் போன்ல பாத்தாங்க, அப்படியே தலை சாஞ்சிடுச்சு" என்றார் அவர். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "ரெண்டு ராத்திரியும் மேஜையை விட்டு அசையல. தூக்கம் வராம இருக்கப் பட்டாணி உரிச்சாங்க, வீடு பூரா பட்டாணி. நடுவுல ஒரு தடவை குறட்டை கேட்டுச்சு. எழுப்பினா, யோசிச்சிட்டிருந்தேன்டான்னாங்க. கொஞ்சம் படும்மா, நான் பாக்கறேன்னு சொன்னேன். நீ கெடுத்துடுவேன்னுட்டாங்க."

பம்பரம் வேன் பக்கம் திரும்பினாள். அதிகாரி கனைத்தார். "அம்மா, பதில்?"

"ஓட்டினது நான் ஒருத்திதான்" என்றாள். "முழிச்சிருந்தது ரெண்டு பேர்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி சிரிக்காமல் ஒரு கணம் யோசித்தார். "முழிச்சிருக்கறவங்களுக்கு விதி எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த படகுக்கு நடந்தார்.

வேனின் பின் இருக்கையில் மாமியார் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் கிண்ணம். பம்பரம் ஓசைப்படாமல் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அந்தத் தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது. உப்பில் விறைத்த சட்டை, அசௌகரியமாக இருந்திருக்கும். அந்த அம்மாள் எழுந்துகொள்ளவில்லை.

பட்டறை மேஸ்திரி ஓடி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார். "படகைக் கட்டணும். நீயே வந்துடு தாயே. நாங்க கட்டினா மறுபடி அவுப்பே."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் பம்பரம், உதட்டை மட்டும் அசைத்து. "நீங்களே கட்டிடுங்க."

அவர் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் அசையவில்லை. அவர் போனார்.

பசித்தது. தோளை ஆட்டாமல் கையை மட்டும் நீட்டி, கிண்ணத்திலிருந்து ஒரு பிடி பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ரெண்டாவது கடியில் தோல் ஒன்று பல்லில் சிக்கியது. அதையும் சேர்த்து மென்று விழுங்கினாள்.